மணல்வெளியில் இரண்டு பேர்

எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. அதனால் தியோடோரோ லுசேரோ தினமும் காலையில் எனக்கென்று பச்சை மிளகாய் போடாத பரிட்டோ ரொட்டிச் சுருள் ஒன்று வாங்கி வருவான். மிளகாய்க்குப் பேர்போன நியூ மெக்சிகோவில் பிறந்தவனுக்கு அதைக் கடையில் கேட்பதே மானக்கேடு. "ப்ரொபசர், உங்களால நான் ஊர்ல தலைகாட்ட முடியல," என்பான். நல்ல மனுஷன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

அந்த ஊர்ப் பாலைவனத்தில் ஒரு துப்பாக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தோம். யாரைச் சுடுவது என்று தானே பார்த்து, தானே முடிவெடுத்துச் சுடும் துப்பாக்கி. தியோடோரோவும் கிரேட்டா கெஸ்லரும் கம்பெனி ஆட்கள். நான், சோதனை நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்க அரசு அனுப்பிய அறப் பார்வையாளர். மனித உயிரை எடுக்கும் முடிவை மனிதன்தான் எடுக்க வேண்டும், இயந்திரம் எடுக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தலை நரைத்தது. அதற்கான சட்ட வரைவு வாஷிங்டனில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், துப்பாக்கி தவறே செய்யவில்லை. ஆயுதம் ஏந்திய பொம்மையை மட்டும் சுட்டது. கைதூக்கிய பொம்மையை விட்டது, குழந்தைப் பொம்மையை விட்டது. அது ஜெயிக்க ஜெயிக்க, வாஷிங்டனில் அந்தச் சட்டத்தை ஆதரித்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"ஒத்துக்கோங்க ப்ரொபசர்," என்று கிரேட்டா சீண்டுவாள். "எங்க வீட்டுக்காரரைவிட இதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

நான் சிரித்து வைப்பேன். 

பொம்மைகளுக்கு மனித உடம்பின் சூடு இருக்க வேண்டும். அதற்காகக் குளிருக்குக் கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகளை அவற்றின் சட்டைக்குள் செருகுவார்கள். ஆறிப்போனால் யாராவது நடந்துபோய் மாற்ற வேண்டும். விதிப்படி முதலில் துப்பாக்கியை அணைக்க வேண்டும். ஆனால் அது தங்களைச் சுடாது என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. யாரும் அணைப்பதில்லை. அன்று மதியமும் தியோடோரோவும் கிரேட்டாவும் அப்படியே போனார்கள்.

திரையில் எழுத்து வந்தது: மனிதர் இருவர், ஆயுதம் இல்லை, சுடவில்லை. நான் கட்டுப்பாட்டை என் கைக்கு மாற்றிக்கொண்டேன். அப்போதும் வேண்டாம் என்றே எச்சரித்தது. அழுத்தினேன்.

கிரேட்டா நின்ற இடத்திலேயே விழுந்தாள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தியோடோரோவுக்கு வயிற்றில் பட்டது. சரிந்த குடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மணலில் ஊர்ந்தான். "ப்ரொபசர், நிறுத்துங்க," என்று ரேடியோவில் கேட்டது. "இதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நிறுத்துங்க." கடைசிவரை அவன் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டான். அது எனக்குப் பெரிய ஆறுதல். இயந்திரமாக இருந்தால் ஒரே குண்டில் முடித்திருக்கும். என் கை பழகாத கை. இன்னும் மூன்று தேவைப்பட்டன.

விபத்து நடந்தால் முதல் விசாரணை அறப் பார்வையாளருடையது. துப்பாக்கி தானாகவே சுட்டது போலப் பதிவுகளை நானே திருத்தினேன். இரண்டு சவப்பெட்டிகளையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நழுவியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

போலீஸ்காரர்களான நீங்கள் தேடி வரவில்லை, இந்த ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். சட்டம் நேற்று கையெழுத்தாகிவிட்டது, அதற்காகத்தான் காத்திருந்தேன். இனி யாரும் பயப்பட வேண்டியதில்லை. இந்த நாட்டில் எந்த இயந்திரமும் தானாக முடிவெடுக்காது. ஒவ்வொரு துப்பாக்கிக்குப் பின்னாலும் என்னைப்போல நிதானமாக யோசிக்கிற ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார்.