மாமனாரின் முட்டியும் என் பூனையும்

எனக்கு ஞாபக மறதி என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அபாண்டம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், செய்யத்தான் சோம்பல். அதற்காகத்தான் பூனையைச் செய்தேன்.

பூனை ஒரு சின்ன மென்பொருள். எங்கள் அலுவலகக் கணினிகளில் யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓட வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. பழைய கோப்புகளைத் துடைப்பது, மேலாளருக்கு அறிக்கை அனுப்புவது, இப்படி. பூனையில் மூன்றே கட்டங்கள்: என்ன வேலை, எப்போது, நடக்காவிட்டால் என்ன செய்வது. நிரப்பிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளலாம். 'எப்போது நிறுத்துவது' என்று இன்னொரு கட்டமும் வேண்டும் என்றாள் பக்கத்து மேசைக்காரி. பார்க்க அழகாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டுக்கொண்டார். "அப்பாவை ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 'மாமா, முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? ஜாக்கிரதையா நடங்க' என்ற செய்தியைப் பூனையிடம் ஒப்படைத்தேன். தினமும் காலையில் போகும். பதில் வராவிட்டால் மறுபடியும் போகும்.

முட்டி சீக்கிரமே சரியாகிவிட்டது. செய்தி நிற்கவில்லை.

மாமனார் மரியாதை தெரிந்த மனிதர். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற மாப்பிள்ளையிடம் 'ஒன்றுமில்லை' என்று எத்தனை தடவைதான் சொல்வார்? 'லேசா இருக்கு மாப்பிள்ளை' என்று ஆரம்பித்தார். கேட்கக் கேட்க அவருக்கே சந்தேகம் வந்து நொண்டத் தொடங்கினார். மாலை நடையை விட்டார். கைத்தடி வாங்கினார். மாமியார் அவருடைய கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கினார்.

நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் ஒரு நாள் எல்லார் முன்னாலும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த பிள்ளைங்களுக்கே என் முட்டி ஞாபகம் இல்ல. மாப்பிள்ளை ஒரு நாள் தவறினதில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பூனையை நிறுத்துவது எப்படி? பாவம், அவர் மனம் புண்படும்.

படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், "முட்டியில ஒண்ணுமே இல்லையே" என்றார். "அப்ப மாப்பிள்ளை எதுக்கு தினமும் கேக்கறாரு?" என்றார் மாமனார். வேறொரு மருத்துவரிடம் போனார்கள். அவர் திறந்தே பார்த்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் எடுத்த முடிவில் தலையிடுவது என் வழக்கமில்லை.

அறுவை சிகிச்சை நாளன்று மருத்துவமனை நடைபாதையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு கையிலும் காப்பிக் கோப்பை. அவள் மடியில் இருந்த அப்பாவின் கைபேசி ஒலித்தது. என்னிடமிருந்து செய்தி. பதில் போகாததால் மறுபடியும் ஒலித்தது. அவள் கைபேசியைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள்.

"இதை யாரு அனுப்பறது?"

"பூனை" என்றேன்.

பூனை என்னவென்று நான் சொன்னதும், கத்தி வைப்பதற்குள் ஓடிப்போய் சிகிச்சையை நிறுத்திவிட்டாள். மாமனார் பச்சை அங்கியோடு விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தார். துளி நொண்டல் இல்லை. அவரைக் குணப்படுத்தியது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

செய்தது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. முட்டிச் செய்தியை அன்றே நீக்கினேன். மனம் உருகி ஒரு மன்னிப்பும் எழுதினேன், ஒவ்வொரு சொல்லும் என் சொந்தச் சொல். தினமும் காலையில் மாமனாருக்குப் போகிறது. அவர் இன்னும் பதில் போடவில்லை. அதனால் மறுபடியும் போகும்.