மணி அடித்தால் மாறிக்கொள்கிறவர்கள்

– ஏன் டீச்சர், நம்ம ரெண்டு பேரை மட்டும் வெளியில நிக்கச் சொல்லிட்டாங்க? இன்ஸ்பெக்டர் எப்பவும் கிளாஸ் டீச்சரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானே கேள்வி கேப்பாரு?

– மெதுவாப் பேசு பியாட்ரிஸ். ஜன்னல் தெறந்திருக்கு.

– என் பி கிளாஸையும் உங்க ஏ கிளாஸையும் ஒரே ரூம்ல உக்கார வச்சுட்டாரு. விஷயம் அவருக்குத் தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான். யாரோ சொல்லிட்டாங்க.

– தெரிஞ்சிருக்காது. பெஞ்சு போறலைன்னு சேத்திருப்பார்.

– என்ன டீச்சர் பேசுறீங்க? நம்ம நாலாங்கிளாஸ் பசங்களுக்குப் பெஞ்சு ஏது? எல்லாம் தரையிலதானே உக்காருது!

– ஆமாம்... பெருமாளே! நேக்கு ஒண்ணும் ஓடலை.

– கணக்குக் கேப்பாரு. உங்க பசங்க டக்கு டக்குன்னு சொல்லிடும். யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா, பியாட்ரிஸ் டீச்சர்னு சொல்லும். கன்னடம் கேப்பாரு. என் பசங்க பாடிக் காட்டும். யாருன்னு கேட்டா, கோமளம் டீச்சர்னு உங்க பேரைச் சொல்லும். நான்தான் அப்பவே சொன்னேன், பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்னு.

– கொழந்தைகளைப் போய்ப் பொய் சொல்லுங்கோன்னு எந்த வாயால சொல்றது? என்னால ஆகாதுடி.

– நீங்க நல்லவங்க டீச்சர். நான் நாளைக்கு வீட்டுல உக்காரணும்.

– அப்படியெல்லாம் பேசாதே.

– பின்ன எப்படிப் பேசறது? சரளா டீச்சரை மறந்துட்டீங்களா? போன வருஷம் அந்தப் பொண்ணு என்ன தப்புப் பண்ணிச்சு? கன்னடம் வரலைன்னு உங்க கிளாஸ்ல கடைசியில போய் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பெரிய டீச்சரம்மா பாத்துட்டாங்க. 'ஒரு கிளாஸுக்கு ஒரு டீச்சர். அடுத்த கிளாஸ்ல கால் வைக்கக் கூடாது.' வேலை போச்சு. இப்ப கமர்ஷியல் தெருவுல ஒரு கடையில துணி மடிச்சுக்கிட்டு இருக்குது.

– அவ டெம்பரவரி.

– நான் மட்டும் யாராம்? நானும் டெம்பரவரிதானே! ஏசப்பா! அம்மா ஆஸ்துமாவுல ராத்திரியெல்லாம் உக்காந்தே கெடக்குது. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். எங்க லிங்கராஜபுரத்துல போய் யார் முகத்துல முழிப்பேன்?

– அழாதே. கண்ணைத் தொடை. யாராவது பாத்தா இன்னும் வம்பு.

– இந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் கன்னடம் உண்டுன்னு ஆர்டர் வந்தப்பவே நான் வேலையை விட்டு நின்னிருக்கணும். வீட்டுல விளக்கு வச்சுக்கிட்டுப் படிச்சுப் பாத்தேன். வாயில நுழையல. நீங்கதான், 'நீ என் பசங்களுக்குப் புதுசா வந்த நயா பைசா கணக்கு சொல்லிக் குடு, நான் உன் பசங்களுக்குக் கன்னடம் சொல்லித் தரேன்'னீங்க.

– நேக்கு மட்டும் அந்த அணாவை நயா பைசாவா மாத்தற கணக்கு வந்துதா? நான் போட்ட கணக்கைப் பாத்துப் பசங்களே சிரிச்சதுகள். நீ வந்தப்பறம்தான் அதுகளுக்குப் புரிஞ்சுது. நேக்கும் புரிஞ்சுது.

– நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். ஸ்கூலுக்கு வர்றதுக்கே சந்தோஷமா இருந்துச்சு. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இது வெளிய வந்தா நான்தான் கெஞ்சிக் கூத்தாடி உங்களைக் கூப்பிட்டேன்னு சொல்லிடுங்க. நீங்க பர்மனென்ட். ரெண்டு வார்த்தை திட்டி விட்டுடுவாங்க.

– யோசிக்கிறேன்.

– யோசிக்கிறீங்களா!

– கோச்சுக்காதே பியாட்ரிஸ். எங்காத்துல நான் வேலைக்கு வர்றதே மாமியாருக்குப் பிடிக்கலை. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு புகார் மல்லேஸ்வரத்து ஆத்துக்கு வந்துட்டா, மறுநாள் அடுக்களையோட சரி. நேக்கும் பயமா இருக்குடி. பொய் சொல்லப்படாதுன்னு கொழந்தைகளுக்குச் சொன்னவ நான். இப்போ நானே ஒரு பொய்யைத் தேடிண்டு நிக்கறேன்.

– பரவால்ல டீச்சர். நானே சொல்லச் சொன்னதுதானே.

– இரு, பியூன் சின்னப்பா வரான். ஏம்ப்பா, தண்ணி குடுக்க உள்ள போனியே, என்ன நடக்கறது?

– அய்யோ அம்மாவரே, ஏன் கேக்குறீங்கோ! பெரிய டீச்சரம்மா மூஞ்சியில ரத்தமே இல்ல. இன்ஸ்பெக்டர் சாஹேப் ஒரு கணக்கு சொன்னாரு. ரெண்டு கிளாஸ் பசங்களும் ஒட்டுக்கா கை தூக்கிடுச்சுங்கோ.

– ரெண்டு கிளாஸுமா?

– ஆமாங்கோ. அப்புறம் கன்னடப் பாட்டு கேட்டாரு. ஒரே ராகம்மா! கோயில்ல கோஷ்டி பாடறாப்பல தலையை ஆட்டிக்கிட்டுப் பாடுதுங்கோ. சாஹேப் பென்சிலைக் கீழ வச்சுட்டாரு.

– பெருமாளே, அது நான் போட்ட ராகம். ரெண்டு கிளாஸுக்கும் அதையேதான் போட்டேன்.

– அப்புறம் சின்னப்பா? யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாரா?

– கேட்டாரும்மா. முன்னால இருந்த பொண்ணு எழுந்து கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லிடுச்சு. 'கணக்குக்குப் பியாட்ரிஸ் டீச்சர், கன்னடத்துக்குக் கோமளம் டீச்சர். மணி அடிச்சா மாறிக்குவாங்க'ன்னு.

– செத்தேன்.

– இன்ஸ்பெக்டர் என்னப்பா சொன்னார்? திட்டினாரா?

– திட்டவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. பெரிய டீச்சரம்மாவைத் திரும்பிப் பாத்தாரு. அவங்க என்னை வெளிய போன்னுட்டாங்கோ. அதோ, அவங்களே வராங்க. நான் வரேம்மா, காபி வாங்கணும்.

– டீச்சர், என் கையைப் பிடிச்சுக்குங்க.

– நீ வாயைத் தெறக்காதே. நான் பேசறேன்.

– என்ன பேசப் போறீங்க?

– தெரியலை.

– கோமளம்! பியாட்ரிஸ்! ரெண்டு பேரும் இங்க வாங்க.

– மேடம், தப்பு என்னோடது. நேக்குக் கணக்கு வரலைன்னு நான்தான் இவளை என் கிளாஸுக்கு அழைச்சிண்டு போனேன். இவளைப் போகச் சொல்றதா இருந்தா என்னையும் சேத்துப் போகச் சொல்லிடுங்கோ.

– இல்ல மேடம், நான்தான் முதல்ல...

– உஷ்! யாரும் யாரையும் போகச் சொல்லல. பேச நேரமில்ல. காபி குடிச்சுட்டு அவர் நேரா அஞ்சாங்கிளாஸுக்கு வரார்.

– அஞ்சாங்கிளாஸ் உங்களோடது இல்லியா மேடம்?

– என்னோடதுதான். கன்னடப் பாடம். நான் எடுக்கறதை உக்காந்து பாக்கணுமாம். இந்த ஸ்கூல்ல எல்லாருமே மாத்தி மாத்தித்தான் எடுக்கிறோம், என் கிளாஸுக்கும் கோமளம்தான் கன்னடம்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். நீ இப்பவே போய் போர்டுகிட்ட நில்லும்மா. சீக்கிரம்.

– நானா? நீங்கதானே மேடம் தினமும் கதவைச் சாத்திண்டு எடுக்கறேள்?

– எங்க எடுத்தேன்? புஸ்தகத்தைப் பாத்து எழுதுங்கன்னு சொல்லிட்டு நாற்காலியில உக்காந்திருப்பேன். எனக்கு அதுல ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது.

– மேடம்!

– அப்படிப் பாக்காதே பியாட்ரிஸ். அடுத்த கிளாஸ்ல யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு நான் ஏன் ரூல் போட்டேன்னு நினைக்கிறீங்க? என் கிளாஸ்ல யாரும் வந்து உக்காந்துடக் கூடாதுன்னுதாம்மா.