மாப்பிள்ளையின் அறுபத்திரண்டு

ஓர் உயிரின் விலை நாற்பத்தொன்பது ரூபாய். ஒரே விலை, பேரம் கிடையாது. அந்த விளையாட்டில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான் சார். செத்தவன் போனில் நாற்பத்தொன்பது ரூபாயைத் தட்டிவிட்டால் எழுந்து நின்று மறுபடி சுடலாம். மொத்தமாகப் பத்து உயிர் எடுத்தால் குறைத்துத் தருவீர்களா என்று கேட்கக்கூட அங்கே ஆள் இல்லை.

என் பெயர் சந்திரசேகர். நாமக்கல்லில் பழைய லாரி வாங்கி விற்கும் தரகன். எங்கள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பார்த்திருப்பீர்கள். லாரியையும் நான் அப்படித்தான் பேசுவேன். வாங்குகிறவன் முகம் ஆயிரம் பொய் சொல்லும். மணிக்கட்டுக்கு அது தெரியாது. கட்டைவிரலை அவன் நாடியில் லேசாக வைத்துக்கொண்டால் எந்த விலைக்கு மடிவான் என்று புரிந்துவிடும். இதில் ஒரே ஒரு சட்டம்தான். எதிராளி கையை இழுத்தால் விட்டுவிட வேண்டும். இழுத்தவன் தோற்றான், பேச்சு முடிந்தது. அதற்கு மேலும் பிடித்துக்கொண்டிருப்பவன் தரகன் இல்லை, ரவுடி. இத்தனை வருஷத்தில் நான் அதை மீறியதில்லை, ஒரு முறை தவிர. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

போனில் ஆடுகிற அந்த விளையாட்டின் பெயர் நிழல்காடு. அதில் ஒவ்வோர் ஆளும் இடது கையில் ஒரு கடிகாரம் கட்டியிருப்பான். மணி காட்டுவது அதற்குக் கடைசி வேலை. வழி, டார்ச், மிச்சத் தோட்டா, பட்ட காயம், யார் யாரை எத்தனை தடவை கொன்றார்கள், எல்லாம் அதில் தெரியும். நடுவில் ஓர் எண். அது நம்முடைய நாடித்துடிப்பு; அதன் கீழே சின்னதாக எதிராளியின் துடிப்பும் ஓடும். அதே கடிகாரத்தை நிஜத்திலும் விற்கிறார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டால் நம் உடம்பின் துடிப்பு அப்படியே விளையாட்டுக்குள் போய்விடும். அது நூறைத் தாண்டினால், நாம் பதுங்கியிருக்கும் இடம் எதிராளியின் கடிகாரத்தில் சிவப்புப் புள்ளியாக எரியும். பயந்தவன் எங்கே ஒளிந்தாலும் மாட்டுவான். துண்டுக்குள் நான் ரகசியமாகச் செய்கிற வேலையை எவனோ ஒருவன் நாலு பேர் பார்க்கும்படி செய்துவைத்திருந்தான்.

கடிகாரம் இரண்டும் வாங்கி வந்தவர் ஜெகதீஸ்வரன், என் தங்கை சாரதாமணியின் வீட்டுக்காரர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எனக்கொன்று, அவருக்கொன்று. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வெல்டிங் இருக்காது. மத்தியானம் கறிச்சோறு முடிந்ததும், பாதி கட்டி நிற்கும் ஏதாவது ஒரு லாரியின்மேல் ஏறி உட்கார்ந்து ஆடுவோம். டிரைவர்களும் பெயிண்டர்களும் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

எனக்கு நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று ஓடும். மாப்பிள்ளைக்கு அறுபத்திரண்டு. பக்கத்தில் குண்டு வெடித்தாலும் அறுபத்திரண்டு.

"மச்சான், உங்க புள்ளி தேர்த்திருவிழா சீரியல் லைட்டாட்டம் எரியுதுங்க" என்பார். "பொண்ணு பார்க்கப் போனப்பக்கூட இப்படி அடிச்சிருக்காதுங்களே."

"பழைய எஞ்சின் மாப்ளை, சூடாகத்தான் செய்யும்" என்று நானும் சிரிப்பேன்.

ஒருநாள் பெயிண்டர் காளிதாஸ் சொன்னான்: "ஏனுங்க, இனிமே தரகரோட வெலை பேசறவங்க இந்த வாட்சை அவரு கையில கட்டி உட்டுட்டுப் பேசலாமுங்க. துண்டே வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் கடைசியாக நிறுத்தினார். அதற்கப்புறம் வண்டி பேச வந்த ஒரு பரமத்தி வேலூர்க்காரன், நான் துண்டை எடுத்ததும் முகத்தைப் பார்க்காமல் என் மணிக்கட்டைப் பார்த்தான். அந்த வண்டியை என்னால் முடித்துக் கொடுக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் நிஜமாகப் பயந்தேன். என் சோறு அந்தத் துண்டுக்குள் இருக்கிறது சார்.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் எண் ஒரே ஒரு தடவை நூறைத் தாண்ட வேண்டும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் சாரதாமணி போன் செய்தாள். "அண்ணா, வரும்போது அவருக்கு மாத்திரை வாங்கிட்டு வாங்கண்ணா. சீட்டை போட்டோ எடுத்து அனுப்பறேன். ஒருவேளைகூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

இது எதற்கு என்று மருந்துக்கடையில் கேட்டேன். இதயத்தை வேகமாக அடிக்கவிடாமல் கட்டிவைக்கிற மாத்திரை என்றான் கடைப் பையன். "நாய் தொரத்துனாக்கூட துடிப்பு ஏறாதுங்க."

நான் இத்தனை நாளும் தைரியம் என்று நினைத்து வெட்கப்பட்டது வெறும் மாத்திரை. தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்து வியாபாரம் செய்கிறவனைக் கண்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? புளியைச் சுரண்டி எடுக்கத் தோன்றும். நானும் அதைத்தான் செய்தேன். அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை இருந்தது. தங்கை வீட்டில் கிழமை வாரியாக அறை பிரித்த டப்பா இருக்கிறது. அதில் அந்தச் சத்து மாத்திரையை நானே பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். "எங்கண்ணனுக்கு இருக்கிற பொறுப்பு ஆருக்கு வரும்" என்று சொல்லிக் காபி கொடுத்தாள். காபி நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிறு எழுபத்தெட்டு. அதற்கடுத்த ஞாயிறு தொண்ணூற்றொன்று.

"மச்சான், படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க. மாத்திரையை மாத்தித் தரச் சொல்லோணும்" என்றார்.

"வயசாவுதுங்க மாப்ளை" என்றேன்.

கடைசி ஞாயிறு, பட்டறை ஆட்கள் எல்லோரும் வெண்ணந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்சத்திலேயே என் கடிகாரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. நூற்று நான்கு. அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. நான் அவரைச் சுடவில்லை. சுட்டால் ஆட்டம் முடிந்து துடிப்பு இறங்கிவிடும். அவர் ஒளிந்திருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி, காலடிச் சத்தம் கேட்கும்படி நடந்தேன். நூற்று முப்பது. நூற்று ஐம்பத்தாறு. போன் அவர் கையிலிருந்து நழுவித் தகரத்தில் விழுந்தது. சட்டை முழுக்க வேர்வை.

"மச்சான்... ஆஸ்பத்திரிக்கு..." என்று கையை நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டது பழக்கத்தில்தான். கட்டைவிரல் தானாக நாடிக்குப் போய்விட்டது. விழுந்த போனை எடுக்க அவர் கையை இழுத்தார். நான் விடவில்லை. மறுபடியும் இழுத்தார். எங்கள் சட்டப்படி அவர் தோற்றாயிற்று, நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் என் கடிகாரத்தில் அவர் எண் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற விலையைப் பாதியில் விடுகிற தரகன் உண்டா? பிறகு அது இறங்கியது. அறுபத்திரண்டைக் கடக்கும்போது ஒரு கணம் பழைய மாப்பிள்ளையாகவே தெரிந்தார். அப்புறம் எண் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் நின்றது. அதற்குப் பிறகுதான் துண்டை எடுத்தேன். ஆம்புலன்ஸுக்கும் நான்தான் போன் செய்தேன்.

எல்லோரும் இதயம் என்றார்கள். உண்மைதானே. நான் அழுதேன். அதுவும் உண்மைதான்.

கருமாதி முடிந்ததும் அவர் மகள் அறிவுச்செல்வி அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். திருச்செங்கோட்டில் காலேஜ் படிக்கிற பெண். "அப்பா உட்ட எடத்துல இருந்து நான் ஆடறேன் மாமா, வாங்க" என்றாள். அவளுடைய எண் அறுபத்துநான்கு. என்னுடையது ஏறிக்கொண்டே போனது. நான் எந்தப் புதரில் ஒளிந்தாலும் நேராக வந்து நின்றாள்.

"ஏன் மாமா, நான்தானே வாரேன்? எதுக்கு இப்படிச் செவந்துபோறீங்க?"

கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். அப்போதும் என் கட்டைவிரல் என் நாடியிலேயே கிடந்தது. அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே எண்ண ஆரம்பித்துவிடுவேன். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? இரண்டில் எதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

இன்று காலை தங்கை வீட்டில் அவள் குளிக்கப் போனபோது அவளுடைய காலேஜ் பையைத் துழாவினேன். மாத்திரை எதுவும் இல்லை. டப்பா இல்லை, சீட்டு இல்லை. அது அவள் சொந்தத் துடிப்பு. அந்தத் தட்டின் அடியில் புளியே கிடையாது. எடுப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் வேறு எதை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பதை எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தேன். அவன் முகத்தில் எதுவுமே தெரியவில்லை. பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டேன். யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கடிகாரம் உங்கள் மேசைமேல் இருக்கிறது. ஓரத்தைத் தட்டுங்கள், கணக்கு வரும். ஜெகதீஸ்வரன் என்னைக் கொன்றது நாற்பத்தொரு தடவை. ஒவ்வொரு தடவையும் நாற்பத்தொன்பது ரூபாய் கட்டித்தான் எழுந்து வந்திருக்கிறேன். நான் அவரைக் கொன்ற இடத்தில் சுழி போட்டிருக்கும். பட்டறையில் நடந்ததை அது சேர்த்துக்கொள்ளவில்லை. நீங்கள் ஒன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும், சார், எனக்கு இன்னும் நாற்பது வரவேண்டியிருக்கிறது.