நின்றுபோன ரேடியோ

"நிப்பாட்டும். வெல்லுறதுக்கு முன்னம் நிப்பாட்டும்."

பருத்தித்துறை பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த நரைமுடிக்காரர்தான் சொன்னார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரின் போனில், இலங்கை உலகக் கிண்ணம் வென்ற பழைய ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குக் கிரிக்கெட் எண்டால் உயிரெல்லோ அண்ணை?"

"ஓம். அண்டைக்குக் கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு என்ரை தம்பி பெடலைச் சுத்தச் சுத்த, டைனமோவிலைதான் ரேடியோ கேட்டனாங்கள். வெல்லப்போறம் எண்டவுடனை அவன் கையை விட்டிட்டுத் துள்ளினான். ரேடியோ நிண்டிட்டுது. எனக்கு வந்த கோவத்திலை கன்னத்திலை ஒண்டு போட்டன்."

"அதுதான் இப்ப மிச்சத்தைப் பாக்கலாமே?"

"அடுத்த மாசம் ஷெல் விழுந்து செத்திட்டான்."

போன் அணைந்தது.

"உந்த மிச்சத்துக்காகத்தானே அவனை அடிச்சனான்."