எல்வுட் ஹேஸ்டிங்ஸின் கடைசி நான்கு நாவல்கள்

காலை உணவு எட்டு மணியைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. எல்வுட் ஹேஸ்டிங்ஸ் வீட்டில் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான்: ஓட்ஸ் கஞ்சி, மேப்பிள் பாகு, கறுப்புக் காப்பி. ஷெரீஃப், நான் அவர் மனைவி இல்லை, தட்டச்சுக்காரி. அவர் அறைக்குள் நடந்துகொண்டே கதை சொல்வார், நான் அடிப்பேன். ஒரு வரிகூட அவர் கையால் எழுதியதில்லை. ஓஹையோ நதிப் படகோட்டியின் கதைகள் அத்தனையும் என் விரல்கள் வழியாகத்தான் நாடெங்கும் போயின.

நான்கு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போயின. அடுத்த நாவல் எங்கே என்று பதிப்பகத்தார் கேட்டார்கள். அவர் முணுமுணுப்பது எனக்குப் புரிகிறது என்றேன். நம்பிவிட்டார்கள், நம்ப அவர்களுக்கும் ஆசைதான். அவர் கதைகள் நின்றால் நான் ஏதாவது விதைக் கடையில் கடிதம் அடிக்க வேண்டியதுதான். அதனால் நானே எழுதினேன். ஹேஸ்டிங்ஸ் வயதாக ஆக மெருகேறுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

வாரம் இரண்டு நாள், காலை பத்து மணிக்கு, பேச்சுப் பயிற்சி தர வினிஃப்ரெட் வருவாள். நல்ல பெண், எடுத்த காரியத்தை விடமாட்டாள். எழுத்துகள் ஒட்டிய அட்டையை அவர் மடியில் வைத்து, இடது விரலால் தொடச் சொன்னாள். மூன்றாவது வாரம் அவர் வியர்க்க வியர்க்க ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டார். 'புத்தகங்கள் என்னுடையவை அல்ல' என்று வந்தது.

"என்ன இது, டார்கஸ்? எந்தப் புத்தகத்தச் சொல்றாரு?" என்றாள்.

"மூளை குழம்பிப் போச்சு, பாவம். நேத்து என்னையே அவங்க அம்மான்னு நினைச்சாரு."

அதற்குப் பிறகு அவள் வரும் நாள்களில் கஞ்சியில் இரண்டு தூக்க மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தேன். பத்து மணிக்கு அவர் தலை தொங்கிவிடும். இனி முன்னேற்றம் இருக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் அழுதுகொண்டே போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அட்டையை அடுப்பில் போட்டேன். அப்புறம் அவரை யார் பார்ப்பதாக இருந்தாலும் மாத்திரைதான். கிண்ணத்தைக் கண்டால் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார், கண்ணில் நீர் வழியும். மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும்.

போன ஞாயிறு, சர்ச் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கும் வாசகர் விருந்து. அவர் கையெழுத்தை நான் ரப்பர் முத்திரையால் குத்திக்கொண்டிருந்தேன். அவர் விருந்துக்கு வந்திருந்த தெல்மா க்ரூகரின் சட்டைக் கையைப் பிடித்தார், விடவே இல்லை. பிரித்தெடுப்பதற்குள் துணி கிழிந்தது. அந்த அம்மாள் முன்னாள் நர்ஸ்.

"இவரு கண்ணப் பாத்தா மருந்து மயக்கம் மாதிரில்ல இருக்கு! என்னம்மா குடுக்கிற இவருக்கு?"

"கஞ்சி" என்றேன். அது பொய்யில்லை.

அந்த அம்மாள் சொன்னதை வைத்து நீங்கள் மாத்திரையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். அவர் பக்கவாதம் வந்து விழுந்த நாளைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்று காலை, "இதோட படகோட்டிக்கு மூடுவிழா, டார்கஸ். எனக்கு அலுத்துப்போச்சு. நீ வேற எடம் பாத்துக்க" என்றார். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் விழுந்தார். அத்தியாயம் முடியாமல் நான் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். வாக்கியத்தை நான் முடித்தேன். மீதிப் பதினொரு பக்கத்தையும் முடித்தேன். படகோட்டியைச் சாகவிடவில்லை. அதன் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன். இப்போதுதான் பார்த்தேன், விழுந்து கிடக்கிறார் என்றேன். ஒரு மணி நேரம் முன்னதாகத் தெரிந்திருந்தால் பேச்சைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் வேறு யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனால் ஒன்று, ஷெரீஃப். அடிக்க அடிக்க ஒவ்வொரு வரியையும் வழக்கம்போல அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தரையில் கிடந்தபடி, கண்ணைத் திறந்து என்னையே பார்த்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வரியைக்கூட அவர் மறுக்கவில்லை.