தொடு தவசி தொடு

எனக்கும் ரிங்குக்குள் ஒரு இடம் வேண்டும் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்கக்கூடாது என்று அம்மா எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். மற்றபடி எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கிடைக்காது, அவ்வளவுதான்.

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இந்த மூட்டை மேல் உட்காருங்கள். பனியன் வேஸ்ட்தான், மெத்தென்று இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போனால் நீங்கள் வந்து விசாரிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் ஷூ கட்டிக்கொண்டே சொல்கிறேன். வெளியே முதல் ஆட்டம் ஓடுகிறது. எங்கள் ஆட்டம் கடைசி.

இது நிஜ மல்யுத்தம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுவோம். விழுவது மட்டும் நிஜம். காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் சுப்பண்ணன்தான் மூடிக்கிடந்த இந்த நிட்டிங் ஷெட்டைப் பிடித்து நடுவில் ரிங் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பல்லடம் ரோடு கம்பெனிகளில் பாதி இங்கேதான் நிற்கும். "ஏனுங்க, நெசமாலுமே அடிச்சுக்கறாங்களா?" என்று முதல் வாரம் பக்கத்து ஆளிடம் பயந்து பயந்து கேட்ட பெரியவர், அடுத்த வாரம் செருப்பைக் கழற்றி எறிந்தார். அதற்கடுத்த வாரம் எறிவதற்கென்றே பழைய செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்தார். கூட்டம் என்றால் அப்படித்தான், சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும்.

சொல்லிக்கொடுத்தது நான்.

என் அண்ணன் பாண்டித்துரை, தம்பி தவசி, இரண்டு பேரும் சேர்ந்து 'ஓவர்லாக் பிரதர்ஸ்'. பேர் நான் வைத்தது. தவசி பகலில் ஓவர்லாக் மெஷினில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கிறவன். தைத்தவன் என்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு எதிரி அணியில் பெரிய ஆள் அழகுமலை. அவர் கழுத்தில் இஞ்ச் டேப்பை மாட்டிவிட்டு, ஆளை அளந்து பார்த்து "ரிஜெக்ட்!" என்று கத்தச் சொன்னதும் நான்தான். வாரம் முழுக்க அந்த வார்த்தையைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்த செக்கிங் செக்‌ஷன் அக்காமார்கள் ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டதும் போட்ட சத்தம் இருக்கிறதே, ஷெட் தகரம் அதிர்ந்தது. அழகுமலை அண்ணன் ரொம்ப சாது. ஆட்டம் முடிந்து அந்த அக்காமார்களுக்கே டீ வாங்கிக் கொடுப்பார்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்தி. பி.காம். அப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து கட்டிங் டேபிளில் நின்றவர். சின்ன வயதில் அப்பா கம்பெனி குடோனில், இதே மாதிரி வேஸ்ட் மூட்டைகள் மேல் நாங்கள் மூன்று பேரும் உருளுவோம். ஜெயிக்கிறது நான்தான். பாண்டி இப்போது போடுகிற அந்தக் கழுத்துப் பிடி நான் கண்டுபிடித்தது. அந்தப் பிடிக்கு அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். பரவாயில்லை. நான் வயதுக்கு வந்த அன்றைக்கு அம்மா இனிக் குடோன் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பிறகு படித்தேன். படித்ததால், "பட்டம் வாங்குன பிள்ளை மேடை மேல வந்து விழுந்து பெரளுறதா?" என்று கேட்டார்கள். படிக்காமல் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

எனக்குக் கொடுத்தது டிரம். ரிங்குக்குக் கீழே, மைக் பக்கத்தில்.

இந்த டிரம் என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். அணிக்கு இரண்டு பேர். ஒருத்தன்தான் உள்ளே இருக்கலாம். இன்னொருத்தன் கயிற்றுக்கு வெளியே நின்று கையை நீட்டிக்கொண்டிருப்பான். உள்ளே இருப்பவன் வந்து அந்தக் கையைத் தொட்டால் ஆள் மாறலாம். எங்கள் ஆட்டத்தில் அடி வாங்குகிறவன் எப்போதும் தவசி. அடிபட்டு, விழுந்து, அண்ணன் கையை நோக்கித் தவழ்ந்து வருவான். நான் டிரம்மை மெல்ல ஆரம்பிப்பேன். "தொடு! தொடு!" என்று ஒரு மூலையில் கிளம்பும். ஒடிசா, பீகார் பையன்கள் "ச்சூ லே! ச்சூ லே!" என்பார்கள். சோளப்பொரிக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிடுவார். இரண்டு விரல் இடைவெளி வரும்போது அழகுமலை காலைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிடுவார். ஐயோ என்று ஆயிரம் பேர் ஒரே மூச்சு விடுவார்கள். மறுபடி தவழ்வான். நான் மூன்று பெரிய அடி அடித்தால்தான் பாண்டி குனிந்து கையைக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் எட்டாத மாதிரி நிற்க வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு.

இத்தனை வாரம் கீழே நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. ஜனங்கள் ஜெயிப்பதைப் பார்க்க வருவதில்லை. தொடுவதைப் பார்க்க வருகிறார்கள். தொட்டுவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம் முடிந்தது, பஸ்ஸைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தொடுகிறதற்கு முந்தின அந்த நேரத்தை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு நேரம் அவர்கள் நம்முடையவர்கள். சுப்பண்ணனுக்கு இது தெரியாது. என் அண்ணன் தம்பிக்கும் தெரியாது. கைதட்டல் எல்லாம் தங்கள் தோளுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிராக்டிஸில்தான் கேட்டேன்.

"சுப்பண்ணா, அடுத்த வாரத்திலிருந்து என்னையும் ரிங்கில் ஏத்துங்க. பிரதர்ஸ் மூணு பேர்."

சுப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மிணி, நீங்க படிச்ச புள்ளைங்க. கூட்டத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவானுங்க. நமக்கு எதுக்குங்க கண்ணு அந்த வம்பு?"

"உனக்குத்தான் டிரம் இருக்குல்ல?" என்றான் பாண்டி. டிரம் ஏதோ தாய் வீட்டுச் சீர் மாதிரி.

தவசி சிரித்துவிட்டான். "அக்கா ஏறுச்சுன்னா அழகுமலை அண்ணன் இஞ்ச் டேப்பப் போட்டுட்டு உடுமலைப்பேட்டைக்கே ஓடிருவாரு." எல்லோரும் சிரித்தார்கள். அழகுமலை அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் என்னைப் பெருமையாகத்தான் சொன்னான் மேடம், எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். சாப்பாடு கொண்டுவந்த அம்மா மட்டும், "கேட்டுப்புட்டியா? கேக்காதன்னு எத்தன தடவடி சொன்னேன்?" என்று தூக்குப்போசியைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். நன்றாக இருந்தது.

கோபமா? நான் கோபக்காரி என்று கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு வரவில்லை. அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போல் இன்னும் ஒரு ஆட்டம் இந்த ஷெட்டில் நடக்கவில்லை. அழகுமலை தவசியின் வலது கையைப் பிடித்து முறுக்கினார். தவசி விழுந்து தவழ ஆரம்பித்தான். வழக்கமாக இரண்டு கையையும் ஊன்றி, முகத்தை அஷ்டகோணலாக்கி வருவான். அன்றைக்கு இடது கையை மட்டும் ஊன்றி வந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை. நடிக்கிறவன் முகத்தில்தான் ஏதாவது இருக்கும். நான் டிரம்மை மெல்ல அடித்தேன். "தொடு தவசி தொடு!" பொங்கலூரிலிருந்து வந்த ஒரு தாத்தா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறிவிட்டார். செக்கிங் அக்காமார்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அண்ணன் கையருகே வந்தான். காலைப் பிடித்து இழுத்தார் அழகுமலை. மறுபடி வந்தான். மறுபடி இழுத்தார். பாண்டி என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், இன்னும் வேண்டாம் என்று. மூன்றாவது தடவை தவசி அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து வந்தான். "அக்கா" என்றான். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். எனக்கு உதடு தெரிந்தது.

அத்தனை கூட்டத்தில் கத்தாமல் நின்றது ஒரே ஆள்தான். அம்மா.

சத்தம் இதற்கு மேல் ஏறாது என்று எனக்குப் பட்ட பிறகு மூன்று அடி அடித்தேன். அண்ணன் தொட்டான். தகரக் கூரை பெயர்ந்து போகும் என்று பார்த்தேன். சுப்பண்ணன் கண்ணில் தண்ணீர். "அம்மிணி, இப்பிடி ஒரு கூட்டத்த நான் பாத்ததே இல்லீங்க" என்று என்னிடம்தான் வந்து சொன்னார். அண்ணனிடம் போகவில்லை.

கை போய்விட்டது என்று எல்லோரும் சொல்வது மிகை. கை இருக்கிறது. தூக்க வரவில்லை, அவ்வளவுதான். இழுத்து இழுத்து உள்ளே நரம்பு அறுந்துவிட்டதாம். சட்டை பாடியில் சேர்க்காத ஸ்லீவ் மாதிரி தொங்குகிறது. ஓவர்லாக் மெஷினுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

அழகுமலை அண்ணனைத் தொந்தரவு செய்யாதீர்கள். பாவம், அவர் சொன்னதைக் கேட்டு நடந்தவர். சனிக்கிழமை கம்பெனியில் துணி ரோல் தூக்கும்போது தவசிக்கு வலது தோள் இறங்கிவிட்டது. வீட்டில் சொன்னால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று என்னிடம் மட்டும் வந்தான். "அக்கா, அழகுமலை அண்ணன்கிட்ட இடது கையப் புடிக்கச் சொல்லிரு. வலது வேணாம். டிரம்மயும் சீக்கிரம் அடிச்சிரு, என்ன?" சரிடா என்றேன். ஐயோடெக்ஸ் தேய்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அழகுமலை அண்ணன், "எந்தக் கைங்க அம்மிணி?" என்று கேட்டார்.

வலது என்றேன்.

வாய் தவறவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். ஆள் நிஜமாகத் தவழ்ந்தால் கூட்டம் என்ன செய்யும் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது, ரிங்கில் ஒரு இடமும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே வேலையில் முடிந்தது. இதற்கு என்ன செக்‌ஷன் என்று ஸ்டேஷனில் பார்த்துச் சொல்லுங்கள், ஓடிப்போகிற ஆள் இல்லை நான். ஆட்டம் முடிந்ததும் உங்கள் ஜீப்பிலேயே வருகிறேன். ஆனால் இப்போது ஏறப்போகிறேன். அதை நீங்களோ சுப்பண்ணனோ இனிப் பேசி மாற்ற முடியாது. இந்தத் தடவை அம்மாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா என்னோடு பேசுவதே இல்லை, அது வேறு.

சட்டை பொருத்தமாக இருக்கிறதா? தவசியுடையதுதான். பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொண்டேன்.

அவனுக்கு இது எதுவும் தெரியாது மேடம். தெரிந்திருந்தால் என் மேல் இவ்வளவு பிரியமாக இருப்பானா? டிரம்முக்கு யார் என்று சுப்பண்ணன் யோசித்தபோது, "நான் அடிக்கிறேன், அதுக்கு ஒரு கை போதும்" என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். பிராக்டிஸில் எனக்கு இடது முழங்கால் வீங்கிவிட்டது. அண்ணனிடம் சொன்னால் ஏற விடமாட்டான் என்று தவசியிடம் மட்டும் சொன்னேன். காலையில்கூட, "அக்கா, எந்த முழங்காலு? இடதா, வலதா?" என்று சரியாகக் கேட்டுக்கொண்டான். நான் போய்ப் பேசக் கூச்சப்படுவேன் என்று, அவனே டீக்கடையில் அழகுமலை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எவ்வளவு நாள் ஆயிற்று அவன் சிரித்து.

கேட்கிறதா? எங்கள் ஆட்டத்தைக் கூப்பிடுகிறார்கள். "தவசி, தவசி" என்கிறார்கள். பழக்கதோஷம், சட்டையைப் பார்த்ததும் மாறிவிடும். வழி விடுங்கள் மேடம், கதவு வெளிப்பக்கம் திறக்கும்.

டிரம் ஆரம்பித்துவிட்டான். ரொம்ப நிதானமாக அடிக்கிறான். பாவம், ஒரு கைதானே.