காலையில் எடுத்து வைத்த பிரதி

எனக்குக் கோபம் வருவதில்லை, மேடம். தண்டையார்பேட்டையில் எங்கள் ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பதினோரு வருஷத்தில் கருணாகரன் குரலை உயர்த்தினான் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

காசிமேட்டுப் பக்கம் அந்த ஐஸ் பேக்டரிக்கு அமோனியா அலாரம் செய்து கொடுத்தது நான்தான். 2003இல். குழாயில் கசிவு வந்தால் சுவரில் இருக்கும் சென்சார் ஒரு எண்ணை அனுப்பும். என் புரோகிராம் அதைப் பார்த்து மணியடித்து, வால்வைத் தானாக மூடும். அதில் ஒரே ஒரு குறை. உப்புக்காற்றில் ஒயர் அரித்துப்போனால், கசிவே இல்லாதபோதும் சென்சார் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று உளறும். மணி அடிக்கும், வேலை நிற்கும். கம்ப்ரசர் ரூம் ஆபரேட்டர் வல்லரசு எனக்குப் போன் போடுவான்.

"இன்னா நைனா, உன் பொட்டி சும்மாவே கத்திகினு கீது. வந்து இன்னான்னு பாரு."

போவேன். ஒயரை மாற்றுவேன். புரோகிராமில் எதையாவது திருத்துவேன். அடுத்த மழைக்கு மறுபடியும் அடிக்கும். ஆறு வருஷம் இப்படியே போனது. ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் ஒழுகுகிற கூரை மாதிரி. சில நாள் பஸ்ஸில் திரும்பும்போது டிக்கெட்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டே வருவேன். ஆனால் கோபம் என்று சொல்ல முடியாது.

எழில்மொழி போன வருஷக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தாள். வியாசர்பாடிப் பெண். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் 'புதுசு', 'புதுசு இரண்டு', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி' என்று நான் வைத்திருந்த போல்டர்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், இதுக்குன்னே கிட்னு ஒரு சாப்ட்வேர் இருக்கு. நான் போட்டுத் தரேன்" என்றாள்.

போட்டுத் தந்தாள், எனக்குச் சொல்லியும் கொடுத்தாள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாம் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு ஒன்று. அதில் இதுவரை சரி என்று தோன்றுவதை ஒரு பிரதி எடுத்து ஸ்டேஜிங் என்ற இடத்தில் வைக்கலாம். எல்லாம் முடிந்ததும் நிரந்தரமாகப் பதிவு செய்யலாம். நடுவில் கோப்பைக் கெடுத்துக்கொண்டால் ஒரே வரிக் கட்டளை போதும். ஸ்டேஜிங்கில் இருக்கும் பிரதி வந்து கோப்பின் மேல் உட்கார்ந்துவிடும்.

"ஆனா பாத்து அடிங்க சார். ஸ்டேஜிங்ல வெச்சதுக்கு அப்புறம் எழுதுனது எல்லாம் போயிடும். திரும்ப வராது."

அவள்தான் சொன்னாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலையில் பேக்டரி மேனேஜர் சுப்பராயன் அலாரம் வேலையை அவளிடம் கொடுக்கச் சொன்னார். மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு பேக்டரியில் சோதனை. பன்னிரண்டரைக்கே அவளை அழைத்துப்போக வேன் வந்துவிட்டது.

"சார், எழுதி முடிச்சி டெஸ்ட்டும் பண்ணிட்டேன். நான் போயி சென்சார் மாட்டறேன். நீங்க பதிவு பண்ணி எடுத்துகினு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையில் எழுதிய முதல் பாதி ஸ்டேஜிங்கில் இருந்தது: ஆயிரத்துக்கு மேல் எண் வந்தால் அது சென்சார் பழுது, கண்டுகொள்ளாதே. அதற்குப் பிறகு எழுதிய இரண்டாம் பாதி கோப்பில் மட்டும்தான் இருந்தது: பக்கத்துச் சென்சாரும் ஆயிரத்துக்கு மேல் சொன்னால் அது பழுது இல்லை, பெரிய கசிவு. உடனே மணியடித்து வால்வை மூடு.

எட்டே வரி. ஆறு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த எட்டு வரிதான்.

நோட்டில் எழுதி வைத்திருந்த அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அந்தக் கட்டளை முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்லாது. கோப்பைத் திறந்து பார்த்தேன், எட்டு வரியும் இல்லை. அப்படியே பதிவு செய்தேன். அவள் கம்ப்யூட்டர், அதனால் அவள் பெயரில் பதிவானது.

என் எண்ணம் சின்னது, மேடம். சோதனையில் நானே, "ரெண்டு சென்சாருக்கும் ஜாஸ்தியா வாயு காட்டிப் பாருங்க" என்று சொல்வதாக இருந்தேன். வால்வு மூடாது. அவள் கொஞ்சம் திணறுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணியில் சரிசெய்துவிடுவேன்.

ஆனால் சுப்பராயன் கொஞ்சமாக வாயு காட்டினார். மணி அடித்தது, வால்வு மூடியது. வல்லரசு கைதட்டினான்.

"கருணா, ஆறு வருஷமா நீ பண்ணாதத இந்தப் பொண்ணு மூணு வாரத்துல பண்ணிடுச்சிப்பா" என்றார் சுப்பராயன்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அப்போது சொல்லியிருந்தால் பொறாமை என்று நினைத்திருப்பார்கள்.

பதினோரு நாள் அலாரம் ஒருமுறைகூட வீணாக அடிக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்தரைக்குக் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டது. இரண்டு சென்சாரும் ஆயிரத்தைத் தாண்டின. இரண்டும் பழுது என்று புரோகிராம் முடிவுசெய்தது. வால்வு திறந்தே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். வல்லரசு துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, கையால் வால்வை மூட உள்ளே போனான். மூடிவிட்டான். வெளியே வரவில்லை. இறால் உரித்தவர்களில் கோவிந்தம்மா என்பவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மற்ற முப்பது பேரும் பிழைத்தார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அன்று சாயங்காலம் எழில்மொழி பதிவான கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"சார், நான் ரெண்டாவது பாதி எழுதுனேன்ல? டெஸ்ட் பண்ணேன்ல?"

"நீ எழுதணும்னு சொல்லிக்கினு இருந்தம்மா. எழுதுனியான்னு எனக்குத் தெரியலை. இருந்ததத்தான் நான் பதிவு பண்ணேன்."

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டாள். மறுநாள், "நான்தான் மறந்திருப்பேன் சார்" என்றாள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். உங்களிடம் அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அதைத்தான். அந்த வாக்குமூலத்தில் எழுத்துப்பிழை திருத்திக் கொடுத்தவன் நான்.

இப்போது என் முன்னால் நீங்கள் வைத்திருக்கும் இந்தத் தாள் இருப்பது அன்று எனக்குத் தெரியாது. வேனுக்கு ஓடும் முன் அவள் எடுத்த டெஸ்ட் ரிசல்ட் பிரிண்ட். அவள் பையின் அடியில் கிடந்தது என்கிறீர்கள். நேரம் பன்னிரண்டு இருபது. இரண்டு சென்சாரிலும் ஆயிரத்து நானூறு, வால்வு மூடப்பட்டது. பதிவான கோப்பை வைத்து இப்படி ஒரு பிரிண்ட் எடுக்க முடியாது. சரிதான்.

அந்த எட்டு வரியை அழிக்கும் முன் படித்தேனா என்று கேட்டீர்கள். படித்தேன். இரண்டு முறை படித்தேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எழில்மொழியை விட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ரூமில் யார் உட்கார்ந்திருப்பான் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். அந்தக் கோப்பில் நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. அதில் இருந்தது எல்லாம் அந்தப் பெண் தன் கையால் எழுதி, சரி என்று எடுத்து வைத்ததுதான்.